இடப்பக்கப் பலகை

பட்டறையில் எட்னா, தோட்டா செய்யும் பொறியின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். ஈயக்குண்டு பித்தளைக் கூட்டுக்குள் மெல்ல இறங்கி நின்றது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கனமான, மொட்டை மூக்குக் குண்டு. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு குழிவு ஓடியது. கூட்டின் விளிம்பு அந்தக் குழிவுக்கு நேராக நின்றது. அதை இடப்பக்கப் பலகையின் துளையில் நிறுத்திவைத்தாள்.

குண்டுகளை அவள் கணவன் ஹால்வர் கோடையில் வார்த்திருந்தான். மூடிப்போன ஓர் அச்சகத்தின் உலோக எழுத்துகளை உருக்கி ஈயத்தோடு கலந்து, சூடு ஆறுமுன் வாளித் தண்ணீரில் விழவைத்தான். நகம் பதியாத ஈயம். நேற்று மாலை அவசரத்தில் அவன் துப்பாக்கியில் போட்டது கடைத் தோட்டா. மானுக்குப் போதும். மீன் புகைபோடும் கொட்டகையின் கதவைப் பிய்த்துக்கொண்டிருந்த கரடிக்குப் போதவில்லை. தோள் எலும்பில் பட்டுச் சிதறியிருக்க வேண்டும். கரடி உருண்டது, தன் தோளைத் தானே கடித்தது, எழுந்து ஓடையோரத்து ஆல்டர் புதருக்குள் போய்விட்டது. காலையில் ஹால்வர் புதரைச் சுற்றி வந்தான். வெளியேறிய தடம் எங்கும் இல்லை.

புதரின் மறுபக்கம் சாலை. பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் அங்கேதான். இன்று ஞாயிறு.

காயப்படுத்தியவன்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தனியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேர் போனால் புதருக்குள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள்.

ஹால்வர் பட்டறை வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸின் நாடாவை இழுத்துக் கட்டினான். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிக் கட்டினான். தூரத்து மலைச்சரிவில் ஆடு நகர்ந்தால் இப்போதும் சொல்லிவிடுவான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் போன வருடத்திலிருந்து கலங்கிப் போயிற்று. கூட்டுக்குள் வெடிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத நாளில், ஒன்றும் சொல்லாமல் மேசையை விட்டு எழுந்தான். அன்றிலிருந்து தோட்டா செய்வது எட்னா. அவன் இடதுகைக்காரன். வலப்பக்கமிருந்து எடுத்து, முடிந்ததை இடப்பக்கம் வைப்பான். அவள் வந்ததும் எல்லாம் மாறியது, முடிந்தது வலப்பக்கம் போனது.

“என் மேசையத் தலைகீழா ஆக்கிட்டா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

வாசலில் ரூடியின் வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரன். முழங்கால் போன பிறகு வண்டியை விட்டு இறங்குவதற்கே காரணம் கேட்பான். கண்ணாடியை இறக்கினான்.

“டேய் ஹால்வர், கரடி உனக்காகச் சாப்பிடாமக் காத்துக்கிட்டிருக்கு.”

“நீ வா. உன்னத் தின்னா ஆறு மாசம் தாங்கும்.”

“என்னத் தின்னா அதுக்குக் கொழுப்பு ஏறிடும். நான் ரோட்டுல வண்டியக் குறுக்கப் போட்டு நிக்கிறேன். யாரையும் விடமாட்டேன்.”

எட்னா திரும்பவில்லை. “வன அதிகாரிதான் செவ்வாக்கிழமை வரேன்னாரே” என்றாள்.

“பஸ் திங்கக்கிழமை வருதே” என்றான் ஹால்வர்.

“ஒரு நாள் பிள்ளைங்க வீட்டுல இருந்தா என்ன?”

“கரடிக்குக் கிழமை தெரியுமா எட்னா? நான் சுட்டது. நான்தான் பார்க்கணும்.”

“பார்க்கணுமாம். பூட்ஸ் நாடாவே தெரியல.”

ரூடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். ஹால்வர் நாடாவின் முடிச்சை இறுக்கினான். பிறகு, ஒன்றும் நடக்காதது மாதிரி, “உள்ள போனப்புறம் யாரும் என் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க” என்றான். “திரும்பிப் பார்த்துருவேன்.”

“எப்பத் திரும்பிப் பார்த்திருக்க? ரெண்டு தடவ கத்தணும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

குண்டுகளை இறக்கி முடித்திருந்தாள். அச்சைத் தாழ்த்தித் திருகிவிட்டு இரண்டாவது சுற்றைத் தொடங்கினாள். இந்தச் சுற்றில்தான் கூட்டின் வாய் குண்டின் குழிவுக்குள் மடியும். மடித்தால்தான் குண்டு அசையாது. அவன் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முதல் வெடியின் உதையில் ஒன்றின் மூக்கு இன்னொன்றின் அடியில் முட்டும். வாய் மடிக்காத தோட்டா என்றால் குண்டு தன் கூட்டுக்குள்ளேயே போய்விடும். அப்படிக் குட்டையாகிப்போன தோட்டா, அடுத்த வெடிக்காகத் துப்பாக்கியின் நெம்புகோலை இழுத்ததும் நேராக ஏறாது, குறுக்கே விழுந்து சிக்கும். முதல் குண்டு எப்படியும் போகும். கரடிக்கு இரண்டாவதும் வேண்டியிருக்கும்.

மடித்ததை நகத்தால் தடவிப் பார்த்து வலப்பக்கப் பலகையில் வைத்தாள். நான்கு ஆயிற்று. துப்பாக்கியின் குழாய்க்கு அது போதும். இடப்பக்கப் பலகையில் இருந்த மிச்சத்தையும் முடித்துவிட நினைத்து அடுத்ததைப் பொறியின் பிடியில் செருகியபோது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

ஆசிரியை மாவிஸ். நாளைக்குப் பள்ளி உண்டா என்று ஊரே கேட்கிறதாம். என்ன சொல்வது? ஹால்வர் போகிறானா? தனியாகவா? அவன் வயதில் இதெல்லாம் தேவையா? எட்னா சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள். மாவிஸ் அவளுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ரூடியின் வண்டி நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் ஹால்வரின் கம்பளித் தொப்பி.

போகட்டும் என்று நினைத்தாள். சொல்லிக்கொண்டு போனால் அவள் இன்னொரு வார்த்தை சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பினாள். மேசைமேல் வலப்பக்கப் பலகையில் நான்கு தோட்டாக்களும் வைத்தபடியே நின்றன. இடப்பக்கப் பலகை காலியாக இருந்தது.

அவளுக்கு உடனே புரியவில்லை. பலகையைக் கையால் தடவினாள். வெறும் துளைகள். முடிந்ததை இடப்பக்கம் வைப்பவன், கம்பளிக் கையுறையோடு, தெரியாத கண்ணோடு, இடப்பக்கத்திலிருந்து அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

பிடியில் ஒரு தோட்டா இருந்தது. தொலைபேசி வந்தபோது விட்டது, மடிக்காதது. அதை எடுத்து மூக்கை மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். குண்டைப் பிடித்துக்கொள் என்று கூட்டிடம் கேட்டுக்கொண்டே அழுத்தினாள். குண்டு கூட்டுக்குள் நழுவிப் போயிற்று.

நான்கு தோட்டாக்களையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டும்போது மூச்சு அடைத்தது. ரூடியின் வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. அவன் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றான், இரட்டைக்குழல் துப்பாக்கி கை மடிப்பில்.

“எங்க?”

அவன் விரலை வாயில் வைத்துவிட்டுப் புதரைக் காட்டினான். “இப்பத்தான் போனான். காத்து சரியா இருக்கு.”

அவள் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். “அவன்கிட்ட இருக்கிறது இது இல்ல. வாய் மடிக்காதது.”

ரூடி அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இதுவரை ஒரு கேலியும் இல்லாமல் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

“எல்லாமா?”

“எல்லாம்.”

“ஹார்ன் அடிக்கவா?”

அவன் கை வண்டிக் கதவுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். ஹார்ன் அடித்தால் கரடி எழும். கூப்பிட்டால் ஹால்வர் திரும்புவான். அவன் திரும்பும் அந்த ஒரு கணத்தில் கரடி எந்தப் பக்கம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பேசாமல் இருந்தால் முதல் குண்டு சரியான இடத்தில் பட்டுவிடலாம். சரியான இடத்தில் பட்டால் இரண்டாவது தேவையே இல்லை. அவன் வார்த்தது. கடினமான ஈயம். எலும்பைத் துளைத்துக்கொண்டு போகும்.

“அவன் ஒரு குண்டுலயே முடிச்சிருவான்” என்றான் ரூடி. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் கையை விடவில்லை.

வெடித்தது. ஓடைக்கு அப்பால் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அண்டங்காக்கைகள் எழுந்தன. அவள் வலது கை தானாக நெம்புகோலை இழுப்பதுபோல் கீழே போய் மேலே வந்தது. இப்போது. இப்போது கேட்க வேண்டும். கரடி விழுந்திருந்தாலும் ஹால்வர் இன்னொன்று சுடுவான். விழுந்ததை எப்போதும் இரண்டாவது முறை சுடுகிறவன் அவன்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ரூடி துப்பாக்கியைக் கை மடிப்பிலிருந்து எடுத்தான்.

புதரின் நடுவில் ஆல்டர் நுனிகள் அசைந்தன. கொஞ்சம் நின்றன. மறுபடி அசைந்தன. ஒரு கோடு போலச் சாலையை நோக்கி அசைவு வந்தது, மெதுவாக, கிளைகளை முறித்துக்கொண்டு. நொண்டுகிற எதுவும் அப்படித்தான் வரும்.

ரூடி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். குழல் அந்த அசைவைப் பின்தொடர்ந்தது. “எட்னா, தெரியலயே. யாருன்னு தெரியலயே.”

“சுடாத.”

“வெளிய வந்ததும் மேல பாய்ஞ்சுட்டா?”

“சுடாத ரூடி.”

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு சாலையோரத்துக்குப் போனாள். இரு கைகளையும் வாயருகே குவித்தாள்.

“ஹால்வர்!”

அசைவு நிற்கவில்லை. இன்னும் ஒரு கிளை முறிந்தது.

மூச்சை இழுத்து, கொல்லையில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், அவன் எப்போதும் திரும்புகிற அந்த இரண்டாவது முறை கூப்பிட்டாள்.

ஆல்டர் நுனிகள் நின்றன. அவற்றில் ஒட்டியிருந்த மழைத்துளிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.