தங்கை கடையின் ஷட்டர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் 'இதோ' என்றே பெயர். யார் எதற்கு அழைத்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பான். ஆள் மட்டும் வந்து சேரமாட்டான். கெட்டவன் இல்லை. யாரிடமும் முடியாது என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். அந்த வாய்தான் சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்று, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்தத் தங்கை இன்று தையல் கடை திறக்கிறாள். "பத்து மணிக்கு வந்துடுண்ணா. நீதான் ஷட்டரைத் தூக்கணும்" என்றிருந்தாள். தலையே போனாலும் இந்தத் தடவை தவறக்கூடாது என்று பத்துக்கு முன்பே போய் நின்றான்.

கடை பூட்டிக் கிடந்தது. ஈ, காக்கைகூட இல்லை. பத்தரை ஆகியும் யாரையும் காணோம். தங்கை போனை எடுக்கவில்லை.

"திறந்து முடிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்று பக்கத்து இஸ்திரிக்கடைக்காரரிடம் கேட்டான்.

"யாரும் வரலியேப்பா."

தேதியைத் தப்பாகக் கேட்டுவிட்டோமோ? கோபத்தில் இடத்தையே மாற்றிவிட்டாளோ? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்தான், இறங்கினான், மறுபடி ஏறினான்.

அப்போது பார்த்து சூப்பர்வைசர் போன் செய்தார். "உன் தங்கச்சி கடைக்கு அடுத்த தெருதான். லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுடுச்சு. உள்ள யாரும் இல்ல, சின்ன வேலை. பார்த்துட்டு வந்துடு."

"இதோ வந்து..." வரைக்கும் வாய் போய்விட்டது. மிச்சத்தை விழுங்கினான். "இன்னிக்கு முடியாது சார். வேற ஆளை அனுப்புங்க."

"யாருப்பா பேசுறது?" என்றார் சூப்பர்வைசர்.

போனை வைத்தான். நல்ல காரியத்துக்காக ஒரு 'முடியாது' சொல்லியாகிவிட்டது. யாருக்காகச் சொன்னானோ அவளைத்தான் காணவில்லை.

ஒருவழியாக நாற்காலிகளோடு ஒரு வேன் வந்தது. தங்கை, அவள் கணவன், கொழுந்தன். அண்ணனைக் கண்டதும் தங்கை இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணா, இப்பவே வந்துட்டே?"

"இப்பவேவா? பத்து மணின்னு நீதானே சொன்னே!"

"எல்லாருக்கும் பன்னெண்டு. உனக்கு மட்டும் பத்து." அவள் குரல் இறங்கியது. "கல்யாணத்துக்கும் உனக்கு நேரத்தை முன்னாடி தள்ளித்தான் சொன்னேன். அப்பவும் லேட்டாத்தானே வந்தே."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. "போனையாவது எடுத்திருக்கலாமே?"

"வர முடியலைன்னு சொல்லத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சேன். இன்னிக்கு அதைக் கேக்கத் தெம்பில்லண்ணா."

அவன் சாவிக்குக் கையை நீட்டினான். தங்கை கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் சங்கடத்தோடு தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஷட்டரைத் தூக்கச் சொல்லி அவனை ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

"பன்னெண்டு வரைக்கும் இருப்பியாண்ணா?" என்றாள் தங்கை.

அவன் வேனிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி, ஷட்டருக்கு நேர் எதிரே போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.