செவ்வாய்க்கிழமை வந்த ரிசல்ட்

ஃபாரூக் தண்ணீர் ஊற்ற, ஷாஹித் மாமா வாப்பாவின் வலது கையைக் கழுவினார். ஜமாஅத்தில் எந்த ஆண் இறந்தாலும் குளிப்பாட்ட வருகிறவர் அவர். வாப்பாவின் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஃபாரூக் அதைப் பார்க்காமலே ஊற்றினான். பாதித் தண்ணீர் மாமாவின் சட்டையில் விழுந்தது.

“பறவைக் காய்ச்சல்னு பேசிக்கிறாங்களே, தம்பி?”

“இல்ல மாமா, டெஸ்ட் நெகட்டிவ். சாதாரண நிமோனியாதான்.”

“அப்பறம் ஏன் யாரையும் பாக்க விடல?”

“ஹாஸ்பிட்டல் ரூல்ஸ் லா, மாமா.”

மாமா உச்சுக்கொட்டினார்.

வாப்பா ஹனீபா நாகப்பட்டினத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டுக் காய்ச்சலோடு திரும்பியிருந்தார். அங்கே கொல்லைக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததை அவரே மகனிடம் சொன்னார். ஃபாரூக்கின் மனைவி நஸீஹாவுக்கு எட்டாம் மாதம். பயம் நியாயமானதுதான். மருத்துவமனையும் அவரைத் தனி அறையில்தான் வைத்தது.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே ரிசல்ட் வந்துவிட்டது. இனி வந்து பார்க்கலாம் என்று நர்ஸ் போனில் சொன்னாள். டெஸ்ட் தப்பாகவும் இருக்கலாமே என்று ஃபாரூக் இணையத்தில் தேடினான். பயந்தவன் தேடினால் கிடைக்காததா? தெம்பனிஸ் வட்டாரத்தில் இருந்த தங்கை ஷமீமாவிடம், “இன்னும் ஐசோலேஷன்தான், வராத” என்றான். புதனும் அதையே சொன்னான், வியாழனும் சொன்னான். தானும் போகவில்லை. வெள்ளி விடியலில் வாப்பா தனியாக இறந்துபோனார்.

கபன் துணி சுற்றியபின் முகம் பார்க்கப் பெண்களை அழைத்தார்கள். ஷமீமா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“காக்கா, நீயாச்சும் கண்ணாடி வழியா பாத்தியா?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பாத்தேன்.”

“ஏதாச்சும் சொன்னாங்களா?”

“உன்னத்தான் கேட்டாங்க.”

அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. “வாப்பா என்னைக் கேட்டாங்களாம்,” என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். சற்று நேரத்தில் அது வாசலில் நின்ற ஆண்கள்வரை போய்விட்டது.

ஷாஹித் மாமா வந்து அவன் தோளை அழுத்தினார். “கடைசியில நீயாச்சும் பாத்தியே. அந்த மட்டும் நிம்மதி.”

சந்தூக்குப் பெட்டியைத் தூக்க எல்லோரும் கூடினார்கள்.

“மகன் தலைமாட்டுக்கு வாங்க,” என்று யாரோ கூப்பிட, கூட்டம் விலகி வழிவிட்டது.

ஃபாரூக் கால்மாட்டுப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டான்.