பதினேழாம் பகுதிக்கு வந்த கருத்துகள்

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் எழுதவில்லை. வேறு பெயரில் எழுதியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? தெரியும். ஒரு வரி போதும், தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வெளி அறையில் உட்கார்ந்து, போனை மேலும் கீழும் தள்ளியபடி இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா மகள் யாரிடமோ மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய தொடர்களைத் தூசு தட்டி இணையத்தில் ஏற்றும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இப்போது ஏற்றிக்கொண்டிருப்பது ‘நீலச்சிறகி’. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன், வேறு மொழியில் எடுத்த தொடருக்கு நாங்கள் தமிழ் பேசினோம். பகலில் தட்டச்சு செய்து, இருட்டியதும் நீலப் போர்வையை மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவும் அந்தப் பெண்ணுக்கு என் குரல். அவளைத் துரத்தும் முகமூடிக்காரனுக்கு அவர் குரல்.

பதினேழாம் பகுதியில் அவள் அவனைப் பாலத்தின் மேல் மடக்கிவிடுகிறாள். பிடித்துக்கொடுக்க வேண்டியவள், ஏனோ திரும்பி நின்று அவனைப் போகவிடுகிறாள். எழுதித் தந்த வசனம்: “போ! இனி என் கண்ணில் படாதே!” நான் சொன்னது: “போ… பாத்துப் போ.”

இதைத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“வில்லனை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைக்கிற ஒரே ஹீரோயின்.”

“சாப்டுட்டுப் போன்னு சொல்லல. அது ஒண்ணுதான் குறை.”

“டப்பிங் பேசின அம்மாவுக்குத் தூக்கக் கலக்கம் போல.”

“சின்ன வயசுல இந்த இடத்துல அழுதேன். ஏன்னு இப்பவும் தெரியல.”

“அவ சொன்னதுக்கு அவன் ‘ம்’னு பதில் சொல்றான். ஹெட்போன் போட்டுக் கேளுங்க.”

அதற்குக் கீழே சண்டை. “அது ‘ம்’ இல்ல, மைக் இரைச்சல்.” “இரைச்சலா? செவிடா நீ?” “முகமூடிக்குள்ள அவனுக்கு மூச்சு முட்டுது, விடுங்கப்பா.”

அது ‘ம்’தான். அவர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எழுதத் தொடங்கி, இரண்டு எழுத்தோடு அழித்துவிட்டேன்.

அப்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மைக். ஒரு துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடும், வாயசைவைப் பார்த்துப் பேச வேண்டும். யார் தடுமாறினாலும் இரண்டு பேரும் முதலிலிருந்து. சத்தம் வரும் என்று மின்விசிறி கிடையாது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மைக் அவர் உயரத்துக்கு இருக்கும், நான் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பேன்.

“என்ன சிறகி, பெட்டி மேல ஏறியாச்சா? இனி பறக்க வேண்டியதுதானே?” என்பார்.

“முகமூடியைக் கழட்டிட்டுப் பேசுங்க சார், காதுல விழல,” என்பேன்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. தாளைச் சத்தமில்லாமல் என் பக்கம் சாய்த்துப் பிடிப்பார், அவருக்கு வசனம் மனப்பாடம். என் வசனம் சரியாக விழுந்தால் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினேழாம் பகுதிக்கு முதல் நாள், டீ குடிக்கும்போது பொதுவாக எல்லோரிடமும் சொன்னார்: “நாளையோட நமக்கு முடிஞ்சது. வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலம் வண்டி.” எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் கண்ணாடித் தம்ளரைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவிய தம்ளர்.

மறுநாள் அந்தப் பாலம். திரையில் அவள் முதுகுதான் தெரிந்தது. வாய் தெரிந்தால் நாம் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். முதுகுக்குக் கட்டுப்பாடு இல்லை. அவனுக்கோ முகமூடி. வாய் திறந்தேன், அது வந்தது. பக்கத்திலிருந்து, தாளைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் அவர் “ம்” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், “என்னம்மா, தாள்ல இல்லாததெல்லாம் வருது?” என்றார். இன்னொரு தடவை எடுத்திருக்கலாம். என் பக்கத்தில் நின்ற அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “முதுகுதானே தெரியுது, யார் கண்டுபிடிக்கப் போறா? வண்டிக்கு நேரமாச்சு, விடு,” என்றார்.

பதினெட்டிலிருந்து முகமூடிக்காரனுக்கு வேறு குரல். அவனை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் யாராவது ஊருக்குக் கிளம்பினால் “பாத்துப் போ” என்று எல்லோரும் சொல்வார்கள், நான் மட்டும் சொல்ல மாட்டேன். கையை ஆட்டுவேன். என்ன வேண்டியிருக்கிறது எனக்கு, இத்தனை வருடம் கழித்து? அவரைப் பார்க்க ஆசையா என்றால், இல்லை. அந்த ஒரு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் வாயால் கேட்க வேண்டும். ‘சரி’யா? ‘தெரியும்’ என்பதா? இல்லை, போகிற அவசரத்தில் எல்லோருக்கும் கொட்டுகிற ‘ம்’மா?

“சித்தி, வாங்க. எல்லாம் ரெடி.” அக்கா மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கருத்தெல்லாம் படிச்சீங்களா? விழுந்து விழுந்து சிரிச்சேன். கோவமில்லையே?”

“எனக்கென்னடி கோவம். சாப்டுட்டுப் போன்னு சொல்லியிருக்கலாமோன்னு இருக்கு.”

“போங்க சித்தி!” என்று என் தோளைத் தட்டினாள். “ஒரே ஒரு வரி. தாள்ல இருக்கற மாதிரி, நல்லா கோவமா. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். அடுத்த வாரம் புதுசா ஏத்தறோம். மேலிடத்துல வேற நச்சரிக்கிறாங்க, தொடரே கேலியாயிடுச்சுன்னு.”

உள்ளே குளிர்சாதனம் சத்தமில்லாமல் ஓடியது. மைக் என் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். “முதல்ல பழசைப் போடறேன், இடம் பாத்துக்கோங்க,” என்றது அவள் குரல்.

பாலம். காற்று. போ… பாத்துப் போ. இருபத்தாறு வயதுக் குரல். எவ்வளவு தைரியசாலி, என்று நினைத்தேன். பிறகு அது. தொலைக்காட்சியில் கேட்டதைவிடத் துல்லியமாக, காதுக்குள்ளேயே. “ம்” என்பதற்கு முன்னால் ஒரு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். வேறேதோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டவர் இழுக்கிற மூச்சு.

முப்பத்து நான்கு வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

“கேட்டுச்சா சித்தி? இப்ப நீங்க சொல்லுங்க.”

“நான் புதுசா சொன்னா, அந்த ‘ம்’ என்னாகும்?”

“அதுவா? ரெண்டும் ஒரே டேப்புல ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரிக்க முடியல. போயிடும். அது வெறும் இரைச்சல்தானே, போனா நல்லதுதான்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரலை உயர்த்தினாள். திரையில் அந்த நீல முதுகு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. துண்டு ஓடி முடிந்தது.

“மறந்துட்டீங்களா? மறுபடி போடறேன்.”

மறுபடி ஓடி முடிந்தது.

“சித்தி?”

ஹெட்போனைக் கழற்றி, கம்பி சிக்காமல் சுருட்டி, மேசைமேல் வைத்தேன்.

“வேண்டாம்மா,” என்றேன். “அது அப்படியே இருக்கட்டும்.”

“ஐயோ, எல்லாரும் சிரிக்கறாங்களே சித்தி!”

“சிரிக்கட்டும்.”