முழுக்கத் திறந்த கதவு

“நான் பூட்டினா பூட்டிக்குதுண்ணே. இவ பூட்டினாதான் தொறந்து கெடக்குது. கோளாறு வண்டியிலதானா, வேற எங்கயாவதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

பணிமனை எலக்ட்ரீஷியனிடம் கணவர் இதைச் சொன்னபோது, தூக்கி நிறுத்தப்பட்டிருந்த வேறொரு வண்டியின் அடியிலிருந்து யாரோ சிரித்தார். டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

காருக்குப் பதினேழு வயது. பக்கவாதத்தால் படுத்தவர்களின் வீடுகளுக்குச் சென்று உடற்பயிற்சி சிகிச்சை அளிப்பது அவள் தொழில். மூன்று மாதங்களுக்கு முன், பின்னிருக்கையில் வைத்திருந்த கருவிப்பை களவு போயிற்று. கண்ணாடி உடையவில்லை, கதவில் ஒரு கீறலும் இல்லை. பூட்டியபின் தன் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தும் பார்த்ததாக அவள் சொன்னாள். அதன்பின் இருமுறை, அவள் நிறுத்திய வண்டியின் பின்கதவு திறந்திருந்ததைக் கணவரே கண்டார். அன்றிலிருந்து சாவி அவரிடம் இருந்தது. பேருந்து செல்லாத பகுதியிலிருந்த நான்கு நோயாளிகளை அவள் விட்டுவிட்டாள். ஐந்தாமவர் ஒரு தச்சர். கரண்டியைப் பிடிக்க அப்போதுதான் தொடங்கியிருந்தவர். திங்கட்கிழமையாவது வருவீர்களா என்று அவர் அன்று காலையில் கைப்பேசியில் கேட்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் ரிமோட்டின் பேட்டரியை மாற்றினார், ஃபியூஸைப் பார்த்தார், நான்கு கதவுகளின் பூட்டு மோட்டார்களையும் ஒவ்வொன்றாக இயக்கினார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணவர் ஒருமுறை இறங்கிப் பூட்டிக் காட்டினார். மெலிந்த உடம்பு, பாதி திறந்த கதவின் இடைவெளியே அவருக்குப் போதுமானதாயிருந்தது. நான்கும் பூட்டிக்கொண்டன.

“இப்ப நீங்க எறங்குங்கம்மா. தெனமும் எப்படி எறங்குவீங்களோ அப்படி.”

அவள் கதவை அதன் எல்லை வரை தள்ளினாள். அறுவை செய்த முழங்காலை மடக்காமல் வெளியே நீட்டி ஊன்றி, பிறகு எழுந்தாள். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். நான்கும் பூட்டின. ஓட்டுநர் கதவின் கைப்பிடியை இழுத்தாள், அசையவில்லை. சில நொடிகளுக்குப்பின், ‘டக்’ என்றது. மற்ற மூன்று கதவுகளின் பூட்டுகளும் திறந்துகொண்டன.

எலக்ட்ரீஷியன் ஓட்டுநர் கதவுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையே கம்பிகள் சென்ற ரப்பர் குழாயை உரித்தார். உள்ளே ஒரு கம்பியின் உறை அறுந்து, செம்பு பல்லிளித்தது.

“முழுசா தொறந்தா இந்தக் கம்பி வெலகிப் பக்கத்துக் கம்பியில ஒரசி, மத்த மூணு பூட்டையும் தொறந்துவிட்டுடுது. பாதி தொறந்தா அப்படியே கெடக்குது. சார், நீங்க இன்னும் பத்து வருஷம் நழுவி எறங்கிட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியிலிருந்து இப்போது சிரிப்பு வரவில்லை.

“இன்னொருவாட்டி செஞ்சு காட்டுங்க” என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் கதவை முழுக்கத் திறந்து சாத்திப் பூட்டினார். டக்.

“இன்னொருவாட்டி.”

கணவர் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெளங்கிடுச்சும்மா, போதும்” என்றார் மெல்ல.

“உங்களுக்கு வெளங்கிடுச்சா? அப்ப சரி. ரிப்பேர் பண்ணுங்கண்ணே.”

புதுக் கம்பியை இணைத்து ரப்பரை மூட ஒரு மணி நேரமாயிற்று. எலக்ட்ரீஷியன் சாவியை நீட்டினார். அதை வாங்க நீண்ட இரண்டு கைகளில் கணவருடையது பாதியில் நின்றது.

அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். நான்கும் ஒரே ஒலியாகப் பூட்டிக்கொண்டன. கைப்பேசியைக் காதில் வைத்து, “திங்கக்கெழம பத்து மணிக்கு வந்துடுறேன். இப்ப எந்த வெரல் மடங்குது, சொல்லுங்க” என்றாள்.

கணவர் மறுபக்கம் சுற்றி வந்து கைப்பிடியை இழுத்தார். கண்ணாடியில் விரலால் ஒருமுறை தட்டினார். அவள் திரும்பாமலே, சற்றுப் பொறுக்கும்படி உள்ளங்கையைக் காட்டினாள். தச்சர் ஒவ்வொரு விரலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.