முன்னாலா, பின்னாலா?

என் கணவர் ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்த அதே வாரம் எங்கள் சபை இரண்டாக உடைந்தது. இதில் யாரை நோவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அப்பம் பிட்டுக் கொடுக்கும்போது என் பக்கத்து நாற்காலியில் அவர் இருக்க வேண்டும். ஞானஸ்நானம் எடுக்காதவருக்கு அப்பம் இல்லை என்பது எங்கள் சபையின் சட்டம். அதனால் நான் மாடியில் கை நீட்டி அப்பம் வாங்கும் நேரத்தில், அவர் கீழே தெருவில் காருக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலி நாற்காலியில் என் கைப்பையை வைத்து வைத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

ஒரு சாயங்காலம் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்று, "சரி, முங்கிடறேன். டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார். சட்டை தீய்ந்து போனது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். எங்கள் சபையை நடத்துகிறவர். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, அவ்வளவுதான் சபை. மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் டைல்ஸ் பதித்த தொட்டி இருக்கும். இடுப்பளவு தண்ணீர் பிடிக்கும். புதிதாக யாரும் அதில் இறங்கி வெகுநாள் ஆகிவிட்டதால், உடைந்த மின்விசிறி இரண்டும் கீபோர்டு வந்த அட்டைப் பெட்டியும் அதற்குள் குடியிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு நேரத்தில் சலூன்காரர் எழுந்தார். இவர் டாக்டருடைய மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். டாக்டரம்மா எங்களுக்குக் கீபோர்டு வாசிப்பவர்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார் சலூன்காரர். "நாம ஏன் ஆளைப் பின்னால சாய்ச்சு முக்கறோம்?"

"அடக்கத்துக்கு அடையாளம், மச்சான்" என்றார் டாக்டர். "யாரையாவது குப்புறப் போட்டுப் புதைப்பாங்களா?"

"ஆண்டவர் சிலுவையில உயிர விட்டப்ப தலை எந்தப் பக்கம் சாஞ்சுது, மாப்ள? முன்னாலதானே? அப்ப முன்னாலதான் முங்கணும்."

இவ்வளவுதான் விஷயம். இதற்கே இரண்டு நாற்காலி உடைந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. உணர்ச்சிவசப்பட்டு ஏறி நின்றார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டாக்டர் நாளெல்லாம் ஆட்களை நாற்காலியில் மல்லாக்கச் சாய்த்து வைத்திருப்பவர். சலூன்காரர் நாளெல்லாம் ஆட்களின் தலையைத் தொட்டியில் குனிய வைத்துக் கழுவுகிறவர். இரண்டு பேரும் அவரவர் தொழிலை வேதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று டாக்டரம்மாவின் காதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் முதல் ஒன்பது மணிக்கு மல்லாக்கக்காரர்கள், பதினோரு மணிக்குக் குப்புறக்காரர்கள் என்று ஆயிற்று. பாட்டுகள் அதேதான். டாக்டரம்மா ஒன்பது மணிக்குப் புருஷனுக்கும் பதினோரு மணிக்கு அண்ணனுக்கும் வாசித்தார். அந்தப் பக்கம் முங்கியவருக்கு இந்தப் பக்கம் அப்பம் இல்லை என்று இரண்டு தரப்பும் தீர்மானம் போட்டன. இதில் ஒரு வேடிக்கை இருந்தது. சலூன்காரர் உட்பட எல்லோருமே ஏற்கெனவே மல்லாக்க முங்கியவர்கள். அவர்கள் மறுபடி முங்க வேண்டுமென்றால், சரியாக முங்கிய ஒருவர் முக்கிவிட வேண்டும். அந்த ஒருவரை யார் முக்குவது? இந்தச் சிக்கலில் பதினோரு மணி சபை முதல் நாளே மாட்டிக்கொண்டு விழித்தது.

ஆக, இரண்டு தரப்புக்கும் கையில் கிடைத்த ஒரே புது ஆள் என் வீட்டுக்காரர்.

முதலில் டாக்டர் வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமே இல்லைங்க. இப்படிச் சாயுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று சோபாவிலேயே செய்து காட்டப் போனார். கழுத்துக்குப் பின்னால் கை வைத்ததுதான் தாமதம், என் கணவர் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. "அப்புறம் பார்க்கலாம் டாக்டர்" என்றார்.

மறுநாள் சலூன்காரர் வந்தார். அவர் நேரே சமையலறைக்குப் போய், ஊறிக்கொண்டிருந்த பாத்திரங்களை நகர்த்திவிட்டு, சிங்க்கில் என் கணவரின் தலையைக் குனிய வைத்தார். என் கணவர் ஒரு பேச்சும் பேசாமல் குனிந்தார். "பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!" என்ற சலூன்காரர், தலையை விடுவதற்கு முன், "உச்சில முடி கொட்டுதே, எண்ணெய் வைக்கறதில்லையா?" என்றும் விசாரித்தார்.

அவர் படியிறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். "அப்ப அந்தப் பக்கம் போகப் போறீங்களா? போனா டாக்டர் உங்களுக்கு அப்பம் தர மாட்டார். நான் ஒன்பது மணிக்கு, நீங்க பதினொரு மணிக்கு. இதுக்கு நீங்க கார்லயே உட்கார்ந்திருக்கலாம்!"

"கத்தாதே."

"டாக்டர் கை வச்சதும் ஏன் அப்படி ஆனீங்க? மனசு மாறிடுச்சா?"

அவர் ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் கம்பிகளைச் சோதிக்கிற வேலை.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல என்கூட ஒருத்தன் இருந்தான். கூண்டு மேல நின்னுக்கிட்டு மேல இருக்கற சக்கரத்தப் பார்க்கணும்னு ஒரே ஒரு அடி பின்னால வச்சான். அவ்வளவுதான். நான் கைய நீட்டறதுக்குள்ள போயிட்டான்."

நான் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அதிலிருந்து என்னால பின்னால சாய முடியாது. உடம்பு கேக்கறதில்ல. இறங்கறதா இருந்தா நேரா இறங்குவேன், ரெண்டு கையிலயும் பிடிமானம் இருக்கணும். உங்க தொட்டியப் பார்த்துத்தான் இத்தனை நாளும் வரல. நம்பிக்கை இல்லாம இல்ல. நம்பிக்கை ரொம்ப நாளா இருக்கு. சரி, கண்ண மூடிக்கிட்டு விழுந்துடலாம்னு இந்தத் தடவை நினைச்சேன்."

இவர் ஒருக்களித்தே தூங்குவதும், காரில் என் பக்கத்து சீட்டைப் பள்ளிக்கூடப் பெஞ்சு மாதிரி நிமிர்த்தி வைப்பதும், பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடப்பதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நான் அவற்றையெல்லாம் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"டாக்டர்கிட்ட சொல்றேன். அவர் புரிஞ்சுக்குவார்" என்றேன்.

"வேணாம். பரிதாபப்பட்டு எனக்கு ஒரு சலுகை வேணாம். குப்புறவும் வேணாம். உன் பக்கத்துல உட்கார முடியலன்னா அந்த அப்பம் எனக்கு எதுக்கு?"

இதற்குமேல் ஆண்டவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் குணம் கிடையாது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். சபையில் என் பெயரே டிரைவிங் சிஸ்டர். என் கணவரை, "டிரைவிங் சிஸ்டர் வீட்டுக்காரர்" என்பார்கள். டாக்டர் என்னிடம் கற்றவர், இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றவர். சலூன்காரர் அப்போது என்னிடம் கற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்பில் சலூன்காரரை நேரே கிளினிக் வாசலுக்கு ஓட்டச் சொன்னேன். டாக்டரை வெளியே கூப்பிட்டேன். ஸ்டியரிங்கில் மச்சானைப் பார்த்ததும் அவர் தயங்கினார். "ஏறுங்க" என்றேன். பின்சீட்டில் ஏறினார்.

அடுத்த தெரு கொஞ்சம் குறுகல். நடுத்தெருவில், சொல்லித் தருகிறவருக்கென்று என் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது.

"ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் முங்கறார். ரெண்டு பேரும் தொட்டியில இறங்கணும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். எல்லாரும் ஒரே நேரத்துக்கு வரணும். முடிஞ்சதும் எல்லாருக்கும் அப்பம்."

"அதெப்படி சிஸ்டர்?" என்றார் சலூன்காரர். "உபதேசம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. நாளைக்கு ஒருத்தர் மேடையில ஏறி, ஆண்டவர் உயிரோட எழும்பவே இல்லன்னு பேசட்டும். நானே முதல்ல செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போவேன். அதுக்குப் பிரியலாம், பிரியத்தான் வேணும். முதுகு முதல்ல நனையணுமா, மூக்கு முதல்ல நனையணுமான்னா பிரிவாங்க?"

"இன்னிக்கு மூக்குல விட்டுக் கொடுத்தா நாளைக்கு எதுல விடுவோம்னு ஒரு பயம் இருக்கே" என்றார் டாக்டர். அவரும் மனதாரத்தான் சொன்னார்.

"மாப்ள சொல்றது நியாயந்தான்" என்று தலையாட்டினார் சலூன்காரர்.

"பாருங்க, எனக்கு எதிரான்னா எப்படி ஒத்துப் போறீங்க!"

பின்னால் ஹாரன்கள் கிளம்பிவிட்டன. சலூன்காரர் ஆக்சிலேட்டரை அமுக்கினார். இன்ஜின் கத்தியது, கார் அசையவில்லை. என் கால் பிரேக்கில் இருந்தது.

"சிஸ்டர், கிளினிக்ல ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்று கெஞ்சினார் டாக்டர்.

"உட்காரட்டும். நான் கல்யாணமானதிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து எங்கள் மூன்று பேரின் குடும்பத்தையும் விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் சம்மதித்தார்கள். தொட்டிக்குள் ஆளைத் தன் பக்கம் சாய்த்துவிடலாம் என்று இருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் சொன்னபோது, "ரெண்டு பக்கமும் ஆள் நிப்பாங்களா? அப்ப சரி" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. ஒன்பது மணிக்காரர்கள் இடப்பக்கம், பதினோரு மணிக்காரர்கள் வலப்பக்கம். மின்விசிறிகளையும் அட்டைப் பெட்டியையும் வெளியேற்றித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். டாக்டர் கட்டிய டையோடு தண்ணீரில் நின்றார். அவர் எதற்கும் டையைக் கழற்ற மாட்டார். என் கணவர் ஒவ்வொரு படியாகக் காலால் அழுத்திப் பார்த்து இறங்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றவர், முதலில் பிடிமானம் தேடினார். இடது கையால் டாக்டரின் டையை முன்னாலிருந்து பிடித்தார். வலது கையைச் சலூன்காரரின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் பெல்ட்டைப் பிடித்தார். பாசம் என்று நினைத்துச் சபையார் கைதட்டினார்கள். அது பிடிமானம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரின் கை கழுத்துக்குப் பின்னால். சலூன்காரரின் கை உச்சந்தலையில். இருவரும் ஞானஸ்நான வாக்கியத்தை ஒன்றாகத் தொடங்கினார்கள். டாக்டர் நிதானமாக, சலூன்காரர் கத்தரிக்கோல் வேகத்தில். முந்தி முடித்த சலூன்காரர் முன்னால் அமுக்கினார். டாக்டர் பதறிப்போய் பின்னால் இழுத்தார். என் கணவர் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. முழங்காலை மடக்கினார். நேரே கீழே இறங்கினார், லிஃப்ட் மாதிரி. தண்ணீர் தலைக்குமேல் மூடிக்கொண்டது.

கையிலிருந்த பிடியை மட்டும் அவர் விடவில்லை.

டை இழுத்த இழுப்பில் டாக்டர் முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தார். பெல்ட் இழுத்த இழுப்பில் சலூன்காரர் மல்லாக்கப் போனார். தொட்டியில் ஒரு நிமிஷம் யாருமே இல்லை.

பிறகு மூன்று தலைகளும் மேலே வந்தன. என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குப்புற முங்கிய டாக்டர், மல்லாக்க முங்கிய சலூன்காரர். கீபோர்டுக்குப் பின்னால் டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பொத்திய கை போதவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததும் இடப்பக்கம் சிரித்தது, வலப்பக்கம் சிரித்தது. கீழே டயர் கடையிலிருந்து ஒருவர், ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவர், அவரும் சிரித்தார்.

டாக்டரின் மூக்குக்கண்ணாடி தொட்டியின் அடியில் போய்விட்டது. அன்று கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு விவாதம் மறுபடி கிளம்பியது, இன்றும் நடக்கிறது. ஒரே மணிக்கு, ஒரே ஹாலில் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். உட்கார்ந்து முங்கியது செல்லுமா என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அன்று டாக்டர் கண்ணாடி இல்லாமல் அப்பத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி இல்லையென்றால் அவருக்கு ஆளும் தூணும் ஒன்று. எந்தக் கை நீண்டதோ அந்தக் கையில் வைத்தார். ஒன்பது மணியா, பதினோரு மணியா என்று கைகளில் எழுதியிருக்கவில்லை. பின்னாலேயே சலூன்காரர் சொட்டச் சொட்டத் திராட்சை ரசக் கிண்ணத்தோடு வந்தார்.

எங்கள் வரிசைக்கு வந்தார்கள். கைப்பையை நான் தரையில் வைத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் கணவர் நனைந்த சட்டையோடு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்தக் கையைத் தொட்டார். ஈரச்சட்டை, காய்ப்பு காய்த்த உள்ளங்கை. அந்த ஹாலில் அவருக்குக் கண்ணாடி இல்லாமலே அடையாளம் தெரியக்கூடிய ஒரே கை அதுதான். தட்டு அப்படியே நின்றது.

"வாங்கிக்கங்க, பிரதர்" என்றார் டாக்டர்.

என் கணவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்து, "பிரதர்னு சொன்னார், கேட்டியா?" என்றார். அவருடைய கால்சட்டையிலிருந்து வழிந்த தண்ணீரில் என் கைப்பை முழுக்க நனைந்துகொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை.