அண்ணி என்று எழுதிய ஃபேடர்

என் நாத்தனாருக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பட்டம் வைத்ததே நான்தான். எங்கள் இசைக்குழுவில் என் கணவர் கீபோர்டு, நான் பாட்டு, அவருடைய தங்கை மிக்ஸரில், எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் வேலை. அரங்கின் நடுவில் மேஜை போட்டு, மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். மூன்று மணி நேரம் வாயைத் திறக்கமாட்டாள். நானோ வாயால் பிழைப்பவள். எப்படி ஒத்துப்போகும், சொல்லுங்கள்.

ஒன்பது வருஷமாக எங்களுக்குள் மேடையில் நடந்த பேச்சுவார்த்தையெல்லாம் ஒரே ஒரு சைகைதான். பாடிக்கொண்டிருக்கும்போது குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை என்று பட்டால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். அவள் மிக்ஸரின் ஓரத்தில், வெள்ளை டேப் ஒட்டி 'அண்ணி' என்று எழுதிவைத்த ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டையை, எனக்குத் தெரியும்படி மேலே தள்ளுவாள். அந்த நிமிஷமே எனக்குக் குரல் திறந்துகொள்ளும். அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொள்வேன். கேட்டால்தான் கொடுப்பாள், தானாகக் கொடுக்க மனசு வராது என்று வீட்டுக்குப் போய் அவரிடம் பொரிந்து தள்ளுவேன்.

ஏழு மாசத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் பாதிதான் திரும்பி வந்தது. மேலே ஏறினால் பாட்டுக்குப் பதில் காற்று வந்தது. பயிற்சி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு முதல் கச்சேரி, ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில். அன்று காலையில் தலை வாரிக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன்: இன்றைக்குக் கடைசிப் பாட்டில் வரும் உச்சி ஸ்வரத்தைத் தொட முடியவில்லை என்றால் இனி நான் மேடை ஏறமாட்டேன். அவர் கீபோர்டை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். வாயைத் திறக்காததில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

மத்தியானம் ஒத்திகை. தகரக் கூரை போட்ட பெரிய அரங்கு. நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. பாடத் தொடங்கினேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல இருந்தது. கட்டைவிரலைக் காட்டினேன். தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி காட்டினேன், மறுபடி தள்ளினாள். ஊஹூம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாட்டை முடித்த கையோடு, என் மைக்கில் நின்று ஒன்று இரண்டு எண்ணும்படி அவரிடம் சொல்லிவிட்டு, இவள் தள்ளுகிற லட்சணத்தை நானே பார்க்கிறேன் என்று இறங்கிப் போனேன்.

அவர் எண்ணினார். நான் 'அண்ணி' ஃபேடரைப் பிடித்து அடிமட்டத்துக்கு இழுத்தேன். சத்தம் குறையவில்லை. உச்சிக்குத் தள்ளினேன். கூடவில்லை. ரிப்பேரா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. அதுல எதையும் மாட்டல."

"எப்பலேர்ந்து?"

"முதல் கச்சேரிலேர்ந்து."

ஒன்பது வருஷம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். மேடையில் கிட்டார்காரர் திடீரென்று குனிந்து வயர் சுருட்ட ஆரம்பித்தார். அவள் மட்டும் அசையவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னாள். நான் கேட்டபோதெல்லாம் உண்மையிலேயே ஏற்றியிருந்தால் மைக் ஊளையிட்டிருக்குமாம். குரல் எப்போதும் போதுமான அளவு இருந்ததாம், எனக்குத்தான் நம்பிக்கை போதவில்லையாம்.

பிறகு மிக்ஸரின் திரையைக் காட்டினாள். அதில் கீபோர்டு என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டாள், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை காட்டும் ஒரு கோடு நேராகப் போய், நடுவில் பள்ளமாக இறங்கி ஏறியது. கிட்டாரைத் தொட்டாள், அதே இடத்தில் பள்ளம். வயலினிலும் அதேதான். என்ன பள்ளம் இது என்றேன்.

"உங்க குரல் உக்கார்ற இடம். மத்தவங்கள அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கேன். உங்கள ஏத்துறதவிட அவங்க நகந்து உக்காந்தா போதும்."

சற்று முன் நாங்கள் வாசித்ததை அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். மேடை மைக்குகளை அடைத்துவிட்டு அதை அரங்கின் ஸ்பீக்கர்களில் ஓடவிட்டாள். முதலில் பள்ளங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் போட்டாள். சந்தை இரைச்சலில் யாரோ முனகுவதுபோல இருந்தேன். பிறகு ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் பள்ளங்களைத் திரும்பக் கொண்டுவந்தாள். என் குரலின் அளவை அவள் தொடவே இல்லை. ஆனால் நான் வந்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, காற்றாகப் போன இடத்தில் அந்தக் காற்றும் தெரிந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்டதில்லை. என்ன கை இவளுக்கு, என்ன காது!

ஆபரேஷனுக்குப் பிறகு என் குரலின் இடம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்றும், பள்ளத்தையும் அதற்கேற்ப இறக்கியிருப்பதாகவும் சொன்னாள். உனக்கெப்படித் தெரியும், இன்றைக்குத்தானே பாடினேன் என்றேன்.

"காலைல ரூம் கதவ சாத்திட்டு நீங்க பாடுறத அண்ணன் வெளிய நின்னு போன்ல பதிவு பண்ணி அனுப்புவாரு. ஆறு மாசமா தினம் கேக்குறேன்."

மேடையைப் பார்த்தேன். அவர் இன்னும் என் மைக்கில் எண்ணிக்கொண்டிருந்தார், நூறைத் தாண்டியிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

இனி இது வேண்டாம் அல்லவா என்று நாத்தனார் டேப்பை நகத்தால் கிளப்பினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். "விடு, இருக்கட்டும்."

சாயங்காலம் அரங்கு நிறைந்துவிட்டது. கடைசிப் பாட்டு வந்தது. உச்சிக்கு முந்தின வரியில் இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். கட்டைவிரல் தானாக உயர்ந்தது. தூரத்தில் மேஜை விளக்கின் வெளிச்சத்தில் அவள் கையை நன்றாக உயர்த்திக் காட்டி, 'அண்ணி' ஃபேடரில் வைத்து, மெதுவாக உச்சிவரை தள்ளினாள். அதில் எதையும் மாட்டவில்லை என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

குரல் ஏறியது.