கோயம்புத்தூர் சீட்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் மகளுக்குக் கம்ப்யூட்டர் சீட் உறுதியான அன்றே மாயகிருஷ்ணன் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நாற்பது ஆடும் மூன்று ஏக்கர் கரிசலும்தான் அவருக்குச் சொத்து. படிப்புக்கு எட்டு லட்சம் ஆகும். அவ்வளவு கடனுக்கு நிலப் பத்திரத்தை ஈடு வைக்க வேண்டும் என்றார் கோவில்பட்டி வங்கி மேலாளர். அதற்கும் தலையாட்டினார் மாயகிருஷ்ணன்.

பக்கத்தில் இருந்த மகள் இசக்கிசெல்வி தலையாட்டவில்லை. "சார், படிச்சு முடிச்சதும் மாசம் எவ்வளவு கட்டணும்?"

மேலாளர் கணக்குப் போட்டார். வட்டியும் சேர்ந்து பத்து வருடத்துக்கு, மாதம் பதினாலாயிரத்துச் சொச்சம்.

"அங்கன படிச்சவியளுக்கு என்ன சம்பளம் கெடைக்குது?"

அது தனக்குத் தெரியாது என்றார் அவர்.

கல்லூரி கொடுத்த வண்ணப் புத்தகத்தில் எல்லாரும் லட்சங்களில்தான் வாங்கினார்கள். அவள் அதை மூடிவைத்துவிட்டு, அங்கே படித்த ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் போன் போட்டாள். கூடப் படித்த விஜி மூலமாக ஒருவர் அகப்பட்டார். பெயர் இசக்கிராஜா. புதியம்புத்தூர் தையல் கம்பெனி ஒன்றில் இருந்தார்.

அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் போனபோது அவர் பள்ளிக்கூடச் சட்டைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் பேச முடியாதென்று வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"எங்க செட்டுல நூத்தி இருவது பேரு, அண்ணாச்சி. பத்துப் பேருக்கு நல்ல வேலை. நான் பதினெட்டாயிரம் வாங்குதேன், ஒம்பதாயிரம் பேங்குக்குப் போவுது" என்று போனைத் திறந்து குறுஞ்செய்தியைக் காட்டினார். "படிப்பு மோசமில்ல. வாங்குன கடன்தான் பெருசு."

முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு பொய் சொல்லித் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் அந்தப் பையன். மாயகிருஷ்ணனுக்கு அவனைக் கும்பிடத் தோன்றியது.

"நெல்லை கவர்மென்ட் காலேஜ்ல சிவில் கெடைச்சிருக்குண்ணே" என்றாள் அவள்.

"பிடிக்குமா?"

"தெரியல."

"எனக்கும் சேரும்போது தெரியாது, தங்கச்சி" என்று சிரித்தார் இசக்கிராஜா.

திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று கிடந்தவள்.

"ஏட்டி, பத்திரத்துக்காக யோசிக்காத. நெலத்த வச்சி என்ன செய்யப் போறேன்?"

"நெலத்துக்காக இல்லப்பா. நாளைக்கு ஒரு வேலை பிடிக்கலன்னா விட்டுட்டு வர என்னால முடியணும். மாசம் பதினாலாயிரம் கட்டணும்னா எந்த வேலையையும் விட முடியாது."

சீட் கிடைக்கும் நாள்வரைதான் மாயகிருஷ்ணன் யோசித்திருந்தார். பதினேழு வயதுப் பிள்ளை, இருபத்தேழு வயதில் தான் எப்படி இருப்போம் என்பதுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

நெல்லையில் சிவில் சேர்ந்தாள். விடுதிச் செலவுக்கு மட்டும், ஈடு இல்லாமல், சின்னக் கடன். முதல் செமஸ்டரில் கணக்கில் தோற்று, அழுது, அடுத்த தடவை எழுதித் தேறினாள். மூன்றாம் வருட விடுமுறையில் குளத்தூர்ப் பக்கம் ஒரு பாலம் கட்டும் இடத்துக்குப் பயிற்சிக்குப் போனாள்.

"வெயில்ல நிக்கணுமாமே?" என்று போனில் கேட்டார்.

"கருத்துட்டேம்ப்பா. நாளைக்கு மட்டம் பாக்க என்னையத் தனியா விடுதாவ!"

மட்டம் எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்டார். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பாதிதான் புரிந்தது. ஆடுகள் பக்கத்து வயலுக்குள் இறங்கிய பிறகும் அவர் போனை வைக்கவில்லை.